கையெழுத்துப் போடும் முன்

பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று கொங்குச் சீமை முழுக்க இருக்கும் உங்கள் எல்லோருக்கும்,



இந்த மாதம் உங்கள் வீட்டுக்கு வரும் ஒரம்பரை செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். "பையனை எங்கீங்க சேர்த்தறீங்க?" மழை, தேங்காய் விலை, அத்தை மகளின் கல்யாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். டீப்பாய் மேல் பளபளப்பான நாலைந்து பள்ளிகளின் விளம்பரப் புத்தகங்கள் கிடக்கும். ஒவ்வொன்றின் அட்டையிலும் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் சிரிப்பார்கள். மாமா ஒருத்தர், "ராசிபுரம் பக்கம் போட்டுருங்க, ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சா ஆயுசுக்கும் நிம்மதி" என்பார். பல்லைக் கடிக்கப் போகிறவன் உள் அறையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

நானும் அந்த டீப்பாய் முன்னால் உட்கார்ந்தவள்தான். 2012 ஜூனில் என் மகனை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சேர்க்கைப் படிவத்தில் மூன்று இடத்தில் பெற்றோர் கையெழுத்து. ஒரு பக்கம்கூடப் படிக்காமல் மூன்றிலும் போட்டேன். அந்தக் கையெழுத்துகள் எனக்கு மறந்தே போயிருந்தன. போன வருடம் ஒரு கொரியத் தொடர் பார்க்கும்போதுதான் நினைவுக்கு வந்தன.

தொடரின் பெயர் 'ஸ்கை கேசில்'. ஜேடிபிசி என்ற கொரியக் கேபிள் தொலைக்காட்சியில் 2018 நவம்பரிலிருந்து 2019 பிப்ரவரி வரை 20 பகுதிகளாக வந்தது. எழுதியவர் யூ ஹ்யுன்-மி. முதல் பகுதியைப் பார்த்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை; கடைசிப் பகுதி 23 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதுவரை அந்த நாட்டுக் கேபிள் தொலைக்காட்சியில் எந்தத் தொடரும் எட்டாத அளவு அது. 'ஸ்கை' என்பது வெறும் வானம் இல்லை. சியோல், கொரியா, யோன்செய் என்ற மூன்று பல்கலைக்கழகங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அங்கே எல்லோரும் சொல்லும் பெயர். டாக்டர்களும் சட்டப் பேராசிரியரும் குடியிருக்கும் ஒரு பணக்காரக் குடியிருப்புக்கு அதே பெயரை வைத்து, அங்கே பிள்ளை வளர்க்கும் நான்கைந்து குடும்பங்களின் துணியை உருவிக் காட்டுகிறது கதை.

ஒரு வீட்டுப் பையனுக்குச் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கிறது. மற்ற அம்மாக்கள் அந்த வீட்டை மொய்க்கிறார்கள்: என்ன படித்தான், யார் சொல்லிக்கொடுத்தது, அந்தக் கோப்பைக் கொஞ்சம் காட்டக் கூடாதா? முதல் பகுதி முடிவதற்குள் அந்தத் தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மகன் சீட்டு வாங்கியதே பெற்றவர்களைப் பழிவாங்கத்தான் என்று பிறகு தெரிகிறது. அது தெரிந்த பிறகும் ஹான் சோ-ஜின் என்ற இன்னொரு தாய் அதே ஆலோசகரை, கிம் ஜூ-யங் என்பவளை, தன் மகளுக்கு அமர்த்திக்கொள்கிறாள். அந்த ஆலோசகர் கிடைக்கும் இடத்தைப் பாருங்கள்: பெரும் பணக்கார வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு வங்கி நடத்தும் அழைப்புக் கூட்டம். அங்கே பெற்றோர் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆசிரியர்தான் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கிறார்.

நம் ஊரில் இதைக் கல்யாண மண்டபத்தில் நடத்துவோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கிம் ஜூ-யங்கை எல்லோரும் பிசாசு என்கிறார்கள். கறுப்பு உடுப்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை, கண் சிமிட்டாத பார்வை. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு காட்சியில் அவள் அந்தத் தாயிடம் நேருக்கு நேராகக் கேட்டுவிடுகிறாள்: இதனால் உங்கள் பிள்ளைக்கு என்ன கேடு வந்தாலும் ஏற்றுக்கொள்வீர்களா? தாய் ஏற்றுக்கொள்கிறாள். அந்த இடத்தில் ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பிசாசு அனுமதி கேட்டுத்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. என் மூன்று கையெழுத்துகளும் அப்போதுதான் கண்முன் வந்தன.

இனி நம் ஊர்ச் சங்கதி.

'பிராய்லர் பள்ளி' என்று நாமக்கல் பள்ளிகளைச் சென்னைப் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு எரிச்சல் வரும். நான் பிறந்தது மோகனூர் பக்கம். என் சித்தப்பா மகன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். நாமக்கல் பிராய்லர் ஊர் அல்லங்க, அது முட்டைக்கோழி ஊர். பிராய்லர் என்றால் பல்லடம், உடுமலைப் பக்கம். பிராய்லர் கோழிக்கு ஆறு வாரம்தான் ஆயுள். அது பாவம், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். முட்டைக்கோழி கூண்டில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்க வேண்டும். திரும்ப இடமிருக்காது. ஒன்றையொன்று கொத்தக் கூடாது என்று குஞ்சிலேயே அலகு நுனியைத் தீய்த்துவிடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகும் விளக்குப் போட்டு, ஒரு நாளுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி செய்வார்கள். வெளிச்சம் எச்சா கிடைத்தால் முட்டை எச்சா வரும். கோழிக்கு அது பகல் என்றே நினைப்பு.

என் மகனின் விடுதியில் காலை நாலே முக்காலுக்கு மணி அடித்து, இரவு பதினொன்றுக்கு விளக்கை அணைப்பார்கள். பதினெட்டு மணி நேரம். சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது, "கோழிக்கே அத்தனை நேரம் போட மாட்டமுங் அக்கா, செத்துப்போயிரும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகள் உங்களில் மூத்த பிள்ளைகளை அனுப்பியவர்களுக்குத் தெரியும். பள்ளி வாசலுக்கு முன்னால் அரை மைல் தூரம் கார் நிற்கும், நடுவில் டெம்போவும் இரண்டு சக்கர வண்டிகளும். புளியமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். தூக்குப்போசியில் அரிசியும் பருப்புஞ்சாதம், மேலே நெய், தனி டப்பாவில் கச்சாயம். பதினாறு வயது ஆண் பிள்ளைக்கு அம்மா கையில் எடுத்து ஊட்டிக்கொண்டிருப்பாள். அவன் வாங்கிக்கொண்டே நோட்டுப் புரட்டுவான், ஏனென்றால் திங்கட்கிழமை தேர்வு. அந்தப் பாசத்தை நான் கேலி செய்ய மாட்டேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பிரியமாக நான் எதையும் சமைத்ததில்லை. ஆனால் சாதத்தை நீட்டும்போது என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "எத்தனை?" என்பதுதான். எத்தனை கவளம் என்று நான் கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒரு ஞாயிறு அவன் சொன்னான்: "மார்க் கேக்கறதுக்கு ஆபீசுக்கு போன் பண்ணுனா போதும்மா. நூத்தம்பது கிலோமீட்டர் எதுக்கு வர்றீங்க?"

படிப்பையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. வருகைப் பதிவேட்டில் பதினொன்று, கையில் பன்னிரண்டின் புத்தகம். இரண்டு வருடமும் ஒரே பாடம், திரும்பத் திரும்ப, கேள்வி எண்ணைச் சொன்னால் விடை வாயில் வரும் அளவுக்கு. எனக்கு இது தெரியும். தெரிந்துதான் சேர்த்தேன்; அதற்காகவே சேர்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். 1200க்கு 1151 வாங்கினான். மருத்துவக் கட்ஆஃபுக்கு அது எட்டவில்லை. பொறியியலில் சேர்ந்தான். முதல் பருவத்திலேயே கணக்கில் தவறினான். லிமிட் என்றால் என்ன என்பது பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அவன் திறந்ததே இல்லை. 1151 வாங்கிய பிள்ளை, கல்லூரி விடுதியில் உட்கார்ந்து, அரசுப் பள்ளியில் படித்து வந்த நண்பனிடம் பதினொன்றாம் வகுப்புப் பாடம் கற்றுக்கொண்டான்.

பதினொன்றைத் தாண்டும் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை ஒரு பாராவில் சொல்லிவிடுகிறேன். மருத்துவம், பொறியியலுக்கு 1984இல் வந்த நுழைவுத் தேர்வை 2007இல் தமிழ்நாடு கைவிட்டது. நகரத்தில் பயிற்சிக்குப் போக முடியாத பிள்ளைக்கு அது நல்ல முடிவு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதோடு எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றிலேயே வந்து நின்றது. அந்த ஒற்றை எண்ணை உற்பத்தி செய்வதில் நாமக்கல் தேர்ந்துவிட்டது. போர்வெல் வண்டியையும் லாரி பாடியையும் இந்தியாவுக்கே செய்து அனுப்புகிற சீமைக்கு இது பெரிய காரியமா? இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: வானம் பார்த்த காட்டை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களின் முதல் டாக்டர், முதல் இன்ஜினியர் அந்த விடுதிகளிலிருந்துதான் வந்தார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாமக்கல்லைத் திட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

பிறகு 2017 வந்தது. மே மாதம் மாநில ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்றது. இரண்டையும் அறிவித்த அன்றைய கல்வி அமைச்சர் கோபிசெட்டிபாளையத்துக்காரர், நம்ம ஊர் செங்கோட்டையன். பதினொன்றின் பாடத்தைத் தாண்டிக் குதிப்பதை நிறுத்தத்தான் அந்தத் தேர்வு. அதே வருடம் நீட்டும் தமிழ்நாட்டில் கட்டாயமானது. நீட் கேள்வித்தாளில் பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம். நாம் குப்பையில் போட்டது அங்கே பாதி மார்க். 1176 வாங்கியும் மருத்துவ சீட்டு கிடைக்காத அரியலூர் மாணவி அனிதாவை அந்த செப்டம்பரில் நாம் இழந்தோம். இந்தப் பக்கம் பள்ளிகள் அழுதுகொண்டிருக்கவில்லை. நீட் பயிற்சி என்று பெயர்ப்பலகையை மாற்றி எழுதின. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் நீட் பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தில் வருமானவரித் துறை சோதனை போட்டு, சுமார் 30 கோடி ரூபாய் ரொக்கம் பிடித்ததாகச் சொன்னது. முட்டை விற்றாலும் அவ்வளவு ரொக்கம் சீக்கிரத்தில் சேராது.

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17இல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள், அதாவது பள்ளி முடித்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ காத்திருந்து வந்தவர்கள், நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். 2020-21இல் எழுபத்தொரு பேர். 'ரிப்பீட்டர்' என்ற சொல் நம் வீட்டுக் கல்யாணங்களில் சாதாரணமாகப் புழங்க ஆரம்பித்தது இப்படித்தான். "பொண்ணு என்ன பண்ணுது?" "ரெண்டாவது ரிப்பீட்டுங்க." ரெண்டு வருடக் கூண்டு இப்போது நாலு வருடமாகிவிட்டது.

கொரியத் தொடருக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே வருகிறவர்கள் ஏற்கனவே டாக்டர்கள். மூன்று தலைமுறை டாக்டர் குடும்பம் என்ற பெயருக்காக ஒரு பாட்டி பேத்தியைப் பிழிகிறாள். சட்டப் பேராசிரியர் சா மின்-ஹ்யுக் வீட்டில் ஒரு பிரமிடையே நிறுத்திவைத்து, உச்சிக்கு ஏறு, உச்சிக்கு ஏறு என்று பிள்ளைகளை விரட்டுகிறார். அவர்கள் பயம் இருப்பதை இழந்துவிடுவோமோ என்பது. நம் கதை அப்படியில்லை. நம் சீமையின் காசு படிப்பால் வந்ததல்ல. பம்ப்செட், கிரைண்டர், பனியன், ரிக்கு, முட்டை, தேங்காய். கையில் கிரீசும் காலில் செம்மண்ணும் ஒட்டியவர்கள் சேர்த்த காசு. அந்தக் கிரீசைப் பார்த்து நமக்கே வெட்கம் வந்துவிட்டது. அதைக் கழுவத்தான் வெள்ளைக் கோட்டு. கல்யாணச் சந்தையில் எல்லோரும் சொல்லும் நிபந்தனை தெரியும்தானே: மாப்பிள்ளைக்குப் பத்து ஏக்கர் தோட்டம் இருக்க வேணும், ஆனால் தோட்டத்தில் வேலை செய்யக் கூடாது.

தொடரில் ஹான் சோ-ஜின் யார் என்று போகப்போகத்தான் தெரியவரும். அவள் சொல்லிக்கொள்ளும் பெயரும் பொய், பூர்வீகமும் பொய். சந்தையில் மாட்டு ரத்தம் விற்றவரின் மகள். அதை மறைக்கத்தான் மகள் டாக்டராக வேண்டும். அத்தனை கொரிய முகங்களில் எனக்கு மிக நெருக்கமாகத் தெரிந்த முகம் அவளுடையது. ஈரோட்டிலோ திருச்செங்கோட்டிலோ பார்த்திருப்பேன் போல இருந்தது. கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன். என் அப்பா போர்வெல் ரிக்கு வண்டியில் டிரில்லராக இருந்தவர். மகனைச் சேர்க்கும் நாளில் தாத்தா தொழில் என்ன என்று யாரோ கேட்டதற்கு "விவசாயம்" என்றேன். அதுவே கொஞ்சம் கௌரவமாகத் தோன்றியது அன்று.

அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்தில் நீங்கள் போயிருப்பீர்கள். கையில் கிரீசோடு தொழில் செய்த நம்ம ஊர் ஜி.டி. நாயுடுவின் பெயர் அதற்கு. கலங்கலில் 1893இல் பிறந்து, பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவர். பொள்ளாச்சி, பழனி சாலையில் 1920இல் ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கினார். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் இங்கே உருவானதில் அவருக்குப் பங்குண்டு. 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலுக்கு நாலு வருடம் எதற்கு, இரண்டு போதும் என்று சண்டை போட்டு, அரசு கேட்காததால் ஒதுங்கிக்கொண்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் காரை ஓட்டிப் போய்த்தான் நாம் பிள்ளையை நாலு வருடக் கூண்டில் சேர்க்கிறோம்.

'இங்கெல்லாம் கொரியா அளவுக்குப் போகாது' என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளாதீர்கள். தொடரில் ஆலோசகர் பள்ளி வினாத்தாளையே திருடி மாணவிக்குக் கொடுக்கிறாள். அதை ஒட்டி ஒரு பெண் பிள்ளை சாகிறாள். கதை வருவதற்குச் சில மாதம் முன்னால், சியோலில் சுக்மியுங் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பொறுப்பிலிருந்த ஆசிரியர் ஒருவர் அங்கேயே படித்த தன் இரட்டை மகள்களுக்கு வினாத்தாளைக் கசியவிட்டார் என்று நிஜமாகவே வழக்கு வந்து, அவர் சிறைக்குப் போனார். தொடர் முடிந்த அதே 2019இல் நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு முதலாண்டு மாணவனின் முகமும் நீட் எழுதியவரின் முகமும் ஒன்றாக இல்லை என்று கண்டுபிடித்தார்கள். மகனோடு அப்பாவும் கைதானார். அப்பா அரசு மருத்துவர். எந்தக் கதாசிரியரும் இதை எழுதத் தேவையில்லாமல் போயிற்று.

தொடரின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பது பகுதி கத்தியாக இருந்தது, இருபதாவதில் கரண்டியாகிவிட்டது. எல்லோரும் திருந்தி, எல்லோரும் சிரித்து. கொரியாவிலேயே பலர் திட்டினார்களாம். அதைவிடக் கசப்பான முடிவு வெளியே நடந்தது. படிக்கும் பெண்ணை அடைத்துவைக்கத் தொடரில் ஒரு மரப்பெட்டி வரும், மேசையும் நாற்காலியும் உள்ளேயே, கதவைச் சாத்திக்கொள்ளலாம். கேலிக்காகக் காட்டிய பெட்டி. கொரியப் பெற்றோர் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். ரேஸ்கோர்ஸில் நடக்கும்போது என்னோடு நடக்கும் ஓர் அம்மணிக்கு இந்தக் கதையெல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த மாதிரி ஆலோசகர் கோயமுத்தூர்ல யாராச்சும் இருக்காங்களாங்க?" என்றார்.

ஆனால் கடைசிப் பகுதிகளில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பிரமிடுப் பேராசிரியரின் மனைவி நோ சுங்-ஹே. கணவன் அவளிடம் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்கிறான். எழுதிவைக்கிறாள்: இவ்வளவு நாள் உன்னைப் பொறுத்துக்கொண்டு பிள்ளைகளை வதைக்க விட்டதற்காக. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். இந்த மடலை எழுத உட்கார்ந்தது அவளைப் பார்த்துத்தான். நான் எங்கும் போகவில்லை. என் மகனும் வளர்ந்து, சரவணம்பட்டியில் வேலை, நன்றாகவே இருக்கிறான். ஞாயிறு மதியம் அரிசியும் பருப்புஞ்சாதம் வைத்தால் மட்டும் தட்டைத் தள்ளிவைத்துவிடுவான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள்தான். விடுதியில் சேர்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உங்களில் பலருக்குப் பக்கத்தில் நல்ல பள்ளியும் இல்லை. ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் உயர்கல்விக்குக் கணக்கில் வராது என்று 2018லேயே சொல்லி அந்தத் தேர்வின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். 2025-26இலிருந்து தேர்வே இல்லை என்றும் ஆகிவிட்டது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க எடுத்த முடிவு. நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் என் மகனை விழுங்கிய அந்த ஓட்டை மறுபடி திறந்திருக்கிறது. அதை அரசு வந்து அடைக்கும் என்று காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை; சேர்க்கை இந்த மாதம்.

அலுவலகத்தில் படிவத்தை நீட்டுவார்கள். பேனாவும் அவர்களே கொடுப்பார்கள். வாங்கி மேசையில் வையுங்கள். "பதினொன்னாம் வகுப்பு டைம்டேபிளைக் காட்டுங்க, இப்பப் படிக்கற பிள்ளையோட பதினொன்னாம் வகுப்புக் கணக்கு நோட்டையும் காட்டுங்க" என்று கேளுங்கள். விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்றும் கேளுங்கள். கேட்கும்போது பையனும் பக்கத்தில் நிற்கட்டும். அதையெல்லாம் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். காட்டவில்லை என்றால் காரைத் திருப்புங்க.

இப்படிக்கு,
உங்களைப் போல் ஒரு தாய்,
பீளமேடு, கோயம்புத்தூர்.